154 என்ற எண்ணை நம்பி இழந்த இரண்டு பனிக்காலங்கள்

2024 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ஒன்ராறியோ மாகாணத்தின் கொலிங்வூட் ஊரை ஒட்டிய புளூ மவுன்ரன் சரிவொன்றில் ஸ்னோபோர்ட்டில், அதாவது இரு கால்களையும் குறுக்காகப் பூட்டிப் பனியில் சறுக்கும் ஒற்றைப் பலகையில், இறங்கியபோது விழுந்து என் இடது மணிக்கட்டு முறிந்தது. அன்று பனி கண்ணாடியைப் போல இறுகிக் கிடந்தது என்பது உண்மைதான். ஆனால் நான் பெரிய வேகத்தில் செல்லவுமில்லை, என்னை யாரும் இடிக்கவுமில்லை. மேட்டைப் பார்த்தபடி கால்விரல்களின் பக்கமாகச் சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்தபோது, காலுக்குக் கீழிருந்த பலகையை யாரோ உருவி எடுத்தது போலிருந்தது. அடுத்த கணம் நெஞ்சும் கைகளும் பனியில் அறைந்தன. என் திறமைக் குறைவால்தான் விழுந்தேன் என்று அப்போது முழுமையாக நம்பினேன். அந்த விழுகையின் பெரும் பங்கு, ஒன்பது மாதங்களுக்கு முன்னர் ஒரு கடையில் பத்தே நிமிடத்தில் நான் எடுத்த முடிவில் இருந்தது என்பதை உணர எனக்கு இரண்டு மாதங்கள் பிடித்தன. என் எடைக்கும் காலுக்கும் பொருந்தாத அளவில் ஒரு ஸ்னோபோர்ட் வாங்கியிருந்தேன். அதைத் திருத்துகிறேன் என்று அடுத்த ஆண்டு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பிழையைச் செய்தேன். இந்த விளையாட்டில் தொடக்க நிலையைக் கடந்து, முதன்முதலாகச் சொந்தப் பலகை வாங்கப் போகிறவர்களுக்கு என் அனுபவம் பயன்படக்கூடும் என்பதால், நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து 2012 இல் கனடாவுக்கு வந்தவன். முதல் ஒன்பது ஆண்டுகளும் பனி என்பது, காலையில் வேலைக்குப் போகுமுன் வாசலில் இருந்து அள்ளிக் கொட்ட வேண்டிய ஒரு சுமையாக மட்டுமே எனக்கு இருந்தது. 2021 டிசம்பரில், வீட்டுக்குள் அடைந்து கிடந்த களைப்பில், ரொறன்ரோ நகரசபை நடத்தும் ஏர்ள் பேல்ஸ் பூங்காவின் சிறிய சரிவில் வாடகைப் பலகையில் ஏறி நின்றேன். முதல் நாள் முழுவதும் விழுந்துகொண்டே இருந்தேன். ஆயினும் அன்று மாலை வீடு திரும்பும்போது, அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து நெடுங்காலமாகிவிட்டது என்று தோன்றியது. இரண்டாவது பனிக்காலம் முடிவதற்குள் பச்சை வட்டக் குறியிட்ட இலகுவான சரிவுகளில் நிற்காமல் இடமும் வலமும் திரும்பி இறங்கவும், நீலச் சதுரக் குறியிட்ட நடுத்தரச் சரிவுகளில் மெதுவாக இறங்கவும் பழகிவிட்டேன். அதுவரை வாடகைக்குத் தந்த எந்தப் பலகையும் எனக்குத் தொல்லை தரவில்லை. அவற்றின் அளவு என்ன என்று நான் கேட்டதுகூட இல்லை.

2023 ஏப்ரலில், பருவ முடிவு மலிவு விற்பனையில் சொந்தமாக எல்லாவற்றையும் வாங்கிவிடலாம் என்று ஒரு கடைக்குப் போனேன். கடையில் நின்ற இளைஞர் என் உயரத்தைக் கேட்டார், எத்தனை ஆண்டுகளாகச் சறுக்குகிறேன் என்று கேட்டார். பின்னர் ஒரு பலகையை எடுத்து எனக்கு முன்னால் நிமிர்த்தி வைத்தார். அதன் நுனி சரியாக என் முகவாயைத் தொட்டது. முகவாய்க்கும் மூக்குக்கும் இடையில் நின்றால் அதுவே உங்கள் அளவு என்றார். நான் 178 சென்ரிமீற்றர் உயரம், பலகை 154 சென்ரிமீற்றர். என் எடையை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பூட்ஸ் எடுக்கும்போது என்ன அளவு என்று கேட்டார். அன்றாடம் அணியும் சப்பாத்தின் அளவான பதினொன்றரையைச் சொன்னேன். போட்டுப் பார்த்தபோது காலுக்கு மெத்தை போல இதமாக இருந்தது. 600 டொலர் பலகை 420 டொலருக்குக் கிடைத்தது, பூட்ஸைப் பலகையில் பூட்டும் பைண்டிங் 230, பூட்ஸ் 260. ஒன்ராறியோவின் 13 விழுக்காடு வரியையும் சேர்த்து 1,028 டொலர் கொடுத்தேன். மலிவு விற்பனை என்பதால் எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது என்று பற்றுச்சீட்டிலேயே அச்சிட்டிருந்தார்கள். அந்த வரியைப் படித்தும் தயங்காமல் கையெழுத்திட்டேன். அன்றிரவு பலகையை வரவேற்பறைச் சுவரில் சாய்த்து வைத்து, பிள்ளைகளுடன் படம் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டு டிசம்பரில் முதல் நாள் இறங்கியபோது, பச்சைச் சரிவில் பலகை என் சொல்லைக் கேட்டது. நீலச் சரிவின் செங்குத்தான பகுதிக்கு வந்ததும் நிலைமை மாறியது. குதிகால் பக்கமாகத் திரும்பினால் பலகையின் விளிம்பு பனியைப் பிடிக்காமல் தடதடவென்று அதிர்ந்துகொண்டே கீழே நழுவியது. விரல் பக்கமாகத் திரும்பினால் முதலில் பிடித்தது. பின்னர், நம்பிக்கையுடன் சற்று அதிகமாகச் சாய்ந்தவுடன், எந்த எச்சரிக்கையுமின்றி விட்டுவிட்டது. விளிம்பு மழுங்கியிருக்கலாம் என்று கடையில் கொடுத்துத் தீட்டினேன், மாற்றம் எதுவுமில்லை. தலா 150 டொலர் கொடுத்து இரண்டு தனிப்பயிற்சி வகுப்புகளுக்குப் போனேன். முழங்காலை மடக்குங்கள், முன்காலில் எடையைப் போடுங்கள், இடுப்பிலிருந்து வளையாதீர்கள் என்று பயிற்றுநர் சொன்னவை அனைத்தும் நியாயமான அறிவுரைகள். அவற்றைப் பின்பற்ற முயன்றபோது இன்னும் அதிகமாக விழுந்தேன். ஏனெனில் நன்றாகச் செய்யச் செய்யப் பலகையை இன்னும் கூடுதலாகச் சாய்த்தேன், சாய்த்த அளவுக்கு அது என்னைக் கைவிட்டது. எனக்குப் பின் தொடங்கியவர்கள் என்னைக் கடந்து போவதை, மலை மேலே ஏற்றிச் செல்லும் லிப்டில் இருந்து பார்க்கும்போது, வயது நாற்பதை நெருங்கிவிட்டது, இனி இது வராது என்று மனம் சோர்ந்தது. இதைப் படிக்கிறவர்களிடம் நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: பயிற்சி கூடக் கூட ஒரே வகையான விழுகை அதே இடத்தில் திரும்பத் திரும்ப நிகழ்ந்தால், உங்களை நொந்துகொள்வதற்கு முன் ஓர் அளவுநாடாவை எடுங்கள்.

இந்தக் கோளாறு இடைநிலைக்கு வந்தவரிடம் மட்டும் தலைகாட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. தொடக்க நிலையில் இருப்பவர் பலகையைச் சிறிதளவே சாய்க்கிறார், பெரும்பாலான திருப்பங்களில் பனியின் மேற்பரப்பை வழித்துக்கொண்டு நழுவுகிறார். அப்போது பலகை குட்டையாக இருந்தால் திருப்புவது எளிது, குறுகலாக இருந்தாலும் பூட்ஸ் பனியைத் தொடாது. இடைநிலைக்கு வந்தவரோ விளிம்பை உயர்த்தி, அதன் மீது முழு எடையையும் ஏற்றி, வேகத்துடன் திரும்பத் தொடங்குகிறார். நீளம், அகலம், விறைப்பு ஆகியவற்றின் பொருத்தமின்மை எல்லாம் அந்தக் கட்டத்தில்தான் ஒன்றாக வெளிப்படுகின்றன. வாடகைப் பலகைகளில் நான் நலமாக இருந்ததும், சொந்தப் பலகையில் தடுமாறியதும் இதனால்தான்.

மணிக்கட்டு முறிந்த இரவைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. எக்ஸ்ரே, கட்டு, மருத்துவர் ஆகிய செலவுகளை மாகாணக் காப்புறுதி ஏற்றுக்கொண்டது. ஆனால் நான் பண்டகசாலையில் போர்க்லிப்ட் ஓட்டுபவன், கட்டுப்போட்ட கையுடன் அந்த வேலையைச் செய்ய முடியாது. ஆறு வாரக் கட்டும் அதற்குப் பின்னர் இரண்டு வார ஓய்வுமாக வீட்டில் இருந்தபோது, வேலைக் காப்புறுதியின் நோய்க்காலக் கொடுப்பனவாக ஊதியத்தின் 55 விழுக்காடு மட்டுமே கிடைத்தது, முதல் வாரத்துக்கு அதுவுமில்லை. கை மீண்டும் வளைவதற்காக ஆறு முறை பிசியோதெரபிக்குப் போனதில் 540 டொலர் என் கையிலிருந்து போனது. பணத்தை விட, ஊரில் இருக்கும் அம்மா தொலைபேசியில், "இந்த வயசில உனக்குப் பனி விளையாட்டுக் கேக்குதோ?" என்று கேட்டபோது பதில் சொல்ல முடியாமல் இருந்ததுதான் வலித்தது.

மார்ச் மாதத்தில், ரொறன்ரோவை ஒட்டிய மார்க்கம் நகரில் வசிக்கும் ஓர் அண்ணா என்னைப் பார்க்க வந்தார். அவர் பல ஆண்டுகளாக வார இறுதிகளில் ஸ்னோபோர்ட் கற்பிப்பவர். பலகையை விற்றுவிடப் போகிறேன் என்று சொல்லி அவரைப் பேஸ்மென்றுக்கு அழைத்துச் சென்றேன். அவர் பலகையைப் பார்க்கவில்லை, முதலில் பூட்ஸைக் கையில் எடுத்து அதன் அடிப்பக்கத்தைத் திருப்பினார். "தம்பி, இந்த நுனியைப் பார். இறப்பர் எவ்வளவு தேஞ்சு போச்சு" என்றார். விரல் நுனிக்குக் கீழே, இரண்டு பூட்ஸிலும், இறப்பர் அரத்தால் ராவியது போல உரசுண்டிருந்தது. அடுத்துப் பனியில் என் தடத்தைப் பார்த்ததுண்டா என்று கேட்டார். விளிம்பு மட்டும் பட்டிருந்தால் மெல்லிய ஒற்றைக் கோடு இருக்கும், பூட்ஸும் உரசியிருந்தால் அதை ஒட்டி இன்னொரு கோடு பிறாண்டியது போல் இருக்கும் என்றார். நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. பூட்ஸைப் பைண்டிங்கில் பூட்டி, பலகையைக் கம்பளத்தின் மேல் வைத்து விரல் பக்கமாக மெல்லச் சாய்த்தார். ஏறத்தாழ 40 பாகைக்கு வந்ததும் பூட்ஸின் நுனி தரையைத் தொட்டது. இன்னும் சாய்த்தபோது விளிம்பு தரையிலிருந்து கிளம்பியது. அந்த வெள்ளிக்கிழமை இரவு எனக்கு நடந்தது என்ன என்பதை, வீட்டுத் தரையில், என் கண்முன்னே மெதுவாகப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. இரண்டு மாதங்களாக என்னை நானே திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது.

பிறகு அளவுகளை எடுத்தோம். குதிகாலைச் சுவரில் ஒட்டி, முழு எடையையும் ஊன்றி நிற்க, மிக நீண்ட விரலின் நுனி வரை என் பாதம் 28 சென்ரிமீற்றர் இருந்தது. ஸ்னோபோர்ட் பூட்ஸில் மொண்டோ என்று சென்ரிமீற்றரிலோ மில்லிமீற்றரிலோ அச்சிட்டிருக்கும் எண் இந்தப் பாத நீளமேதான். 28 என்பது அமெரிக்க அளவில் 10. நான் வாங்கியிருந்ததோ 29.5, அதாவது பதினொன்றரை. அன்றாடச் சப்பாத்தைக் காற்றோட்டமாக, பெரிதாக அணியும் பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு. அந்த எண்ணைக் கொண்டு பனிப் பூட்ஸ் வாங்கக் கூடாது. நிமிர்ந்து நிற்கும்போது விரல்கள் முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் சற்றுப் பின்வாங்க வேண்டும், குதிகால் எந்நிலையிலும் மேலெழக் கூடாது. கடையில் மெத்தை போல இதமாக இருக்கும் பூட்ஸ், உட்புறப் பஞ்சு சில நாள் பாவனையில் அமுங்கிய பின் தொளதொளத்துவிடும். என் பெரிய பூட்ஸின் வெளிநீளம் 33 சென்ரிமீற்றர். பின்னர் நான் வாங்கிய 28 மொண்டோ பூட்ஸின் வெளிநீளம் 30.5 மட்டுமே. ஆகவே பலகையின் அகலத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே, பூட்ஸை மாற்றியதால் மட்டும், பலகைக்கு வெளியே நீட்டியதில் இரண்டரை சென்ரிமீற்றர் குறைந்துவிட்டது. பலகையை முதலில் வாங்கிவிட்டுப் பூட்ஸைப் பிறகு பார்க்கலாம் என்று எண்ணுகிறவர்கள் தயவுசெய்து வரிசையை மாற்றுங்கள். பூட்ஸ் தெரியாமல் பலகையின் அகலத்தைத் தீர்மானிக்கவே முடியாது.

அகலம் என்று அட்டவணைகளில் போடுவது, பலகையின் நடுவே மிகக் குறுகிய இடத்தின் அளவு. வெய்ஸ்ட் என்று அதைக் குறிப்பிடுவார்கள். என் பலகையில் அது 250 மில்லிமீற்றர். கால்கள் நிற்பது நடுவில் அன்று, இரு பக்கமும் தள்ளி என்பதால், பைண்டிங் பூட்டும் இடத்தில் அகலம் அதைவிடச் சற்றுக் கூடுதலாக, என் பலகையில் 26 சென்ரிமீற்றராக இருந்தது. 33 சென்ரிமீற்றர் பூட்ஸ் அதன் மேல் குறுக்கே நிற்கும்போது ஏழு சென்ரிமீற்றர் வெளியே நீள்கிறது. அதிலும் பைண்டிங்கை நடுவில் பொருத்தாமல் விட்டிருந்ததால், விரல் பக்கம் நாலரை, குதிகால் பக்கம் இரண்டரை என்று பிரிந்திருந்தது. பின்காலின் கோணத்தைப் பூச்சியத்தில் வைத்திருந்தேன். பாதம் பலகைக்கு நேர்குறுக்காக இருக்கும் அந்த நிலையில்தான் உரசல் மிக அதிகம். சிறிதளவு வெளிநீட்டல் நல்லது, விளிம்பை அழுத்துவதற்கு அது தேவையும்கூட. ஒவ்வொரு பக்கமும் இரண்டு சென்ரிமீற்றர் அளவில் இருந்தால் பெரும்பாலோருக்குத் தொல்லை இல்லை. மூன்றைக் கடந்தால், நன்றாகச் சாய்ந்து திரும்பத் தொடங்கியவுடன் உரசும் என்று எதிர்பார்க்கலாம். அமெரிக்க அளவில் பத்தரை, பதினொன்று என்று பூட்ஸ் அணிகிறவர்கள், பெயருக்குப் பின்னால் வைட் என்று குறிப்பிட்ட அகலப் பலகைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். அவற்றின் நடு அகலம் பெரும்பாலும் 260 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கும்.

நீளத்தைப் பற்றி அண்ணா கேட்ட ஒரே கேள்வி, "நீ எத்தனை இறாத்தல்?" என்பதுதான். 185 இறாத்தல், ஏறத்தாழ 84 கிலோ. பலகையை உருவாக்கிய நிறுவனத்தின் அட்டவணையை எடுத்துப் பார்த்தோம். 154 சென்ரிமீற்றர் பலகைக்கு எதிரே 59 முதல் 77 கிலோ என்று தெளிவாக இருந்தது. நான் அந்த எல்லைக்கு ஏழு கிலோ வெளியே நின்றேன், தலைக்கவசமும் குளிர் உடையும் பூட்ஸும் வேறு. வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட பலகையில் சிறுவன் நடந்தால் அது அசைவதில்லை, நெல்மூட்டை சுமந்தவர் நடந்தால் நடுவில் தொய்ந்துவிடுகிறது. ஸ்னோபோர்ட்டும் அப்படி எடைக்கு வளையும் ஒரு வில்தான். நம் எடை அதை எவ்வளவு வளைக்கும் என்பதை வைத்துத்தான் நீளமும் விறைப்பும் தீர்மானிக்கப்படுகின்றன. முகவாய், மூக்கு என்ற கணக்கு, உயரத்துக்கு ஏற்ற சராசரி எடை உள்ளவருக்குத் தற்செயலாகப் பொருந்தும். ஒல்லியாக உயர்ந்தவரும், என்னைப் போல் உடம்பு வைத்தவரும் அதை நம்பினால் ஏமாறுவார்கள்.

இன்னொன்றையும் அன்று கற்றேன். மொத்த நீளம் முழுவதும் பனியில் படுவதில்லை. திரும்பும்போது உண்மையில் பனியை வெட்டும் விளிம்பின் நீளத்தை எஃபெக்டிவ் எட்ஜ் என்று தனியாகத் தருகிறார்கள். என் 154 இல் அது 115 சென்ரிமீற்றர். அதுவும் றொக்கர் வகை, அதாவது நடுப்பகுதி பனியில் படிய, இரு முனைகளை நோக்கிய பகுதிகள் மேலே எழும்பி நிற்கும் வடிவம். தொடக்க நிலையில் விளிம்பு எதிர்பாராமல் மாட்டிக்கொள்ளாது என்பதால் அது நல்ல வடிவம், ஆழமான புதுப்பனியிலும் மிதக்கும். ஒன்ராறியோவில் நமக்குக் கிடைப்பதோ இயந்திரத்தால் தூவி, பகலில் உருகி, இரவில் உறைந்த கடும்பனி. அங்கே பிடிப்புக்கு ஒவ்வொரு சென்ரிமீற்றர் விளிம்பும் வேண்டும். கால்களுக்குக் கீழே வில்போல் மேல்நோக்கி வளைந்து, நாம் ஏறி நின்றதும் விளிம்பு முழுவதையும் பனியில் அழுத்தும் கேம்பர் வடிவமோ, கேம்பர் மிகுந்த கலப்பு வடிவமோ இந்தப் பனிக்கு ஏற்றது. குதிகால் பக்கத்துத் தடதடப்புக்கு என் எடையும், இந்த மென்மையான றொக்கரும், குறைந்த விளிம்பும் சேர்ந்து காரணமாக இருந்தன.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகும் பிழை செய்தேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. சிறிய பலகையால் கை முறிந்தது என்ற அச்சம், பெரியது எதுவானாலும் பாதுகாப்பு என்று என்னை நம்ப வைத்தது. 2024 நவம்பரில், அண்ணாவிடம் கேட்காமல், ஒரு தனியாரிடமிருந்து 163 சென்ரிமீற்றர் அகலப் பலகையை 320 டொலருக்கு வாங்கினேன். நடு அகலம் 268 மில்லிமீற்றர், விறைப்பு பத்துக்கு எட்டு. எடை அட்டவணையில் நான் அதன் கீழ் எல்லையை ஒட்டியிருந்தேன். பூட்ஸையும் 28 மொண்டோவுக்கு மாற்றியிருந்ததால் அவ்வளவு அகலம் எனக்குத் தேவைப்படவேயில்லை. உரசல் அறவே நின்றது. ஆனால் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாற்றுவதற்குள் சரிவின் ஓரம் வந்துவிடும். வேகமாகப் போனால் மட்டுமே அது வளைந்தது. வேகமாகப் போவதற்கோ, முறிந்த கையின் நினைவு விடவில்லை. கியூபெக்கின் மொன் ட்ரொம்பிளான் மலைக்கு இரண்டு நாள் குடும்பத்துடன் போனபோது, முதல் நாள் மதியத்துக்குள் தொடைகள் எரிந்து, மீதி நேரத்தைக் கீழே உணவகத்தில் கழித்தேன். 600 மீற்றருக்கு மேல் உயர வேறுபாடு உள்ள அந்த மலைக்காக ஓராண்டு காத்திருந்தேன். அந்தப் பலகை வேகமும் வலிமையும் உள்ள ஒருவருக்கு அருமையானது. இடைநிலையில் இருப்பவருக்கு, தன் எடை வரம்பின் நடுப்பகுதியில் தன்னை வைக்கும் நீளமும், நான்குக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட விறைப்பும் போதும் என்பதே இப்போது என் கருத்து. விறைப்பு எண்ணுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் இல்லை. ஒரு நிறுவனத்தின் ஐந்து இன்னொன்றின் ஏழாக இருக்கலாம். ஆகவே எண்ணை ஒரு குறிப்பாக மட்டும் கொண்டு, கையால் வளைத்துப் பார்ப்பதும், முடிந்தால் ஏறிப் பார்ப்பதும் நல்லது.

ஏறிப் பார்ப்பதைத்தான் நான் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டும். பல மலைகளில், சாதாரண வாடகைக்கு மேலே சிறிது கூடுதல் கட்டணத்துக்கு, கடையில் விற்கும் தரத்திலான டெமோ பலகைகளைத் தருகிறார்கள். ஒரே நாளில் இரண்டு மூன்றை மாற்றிப் பார்க்கவும் விடுவதுண்டு. 2025 பெப்ரவரியில் என் சொந்தப் பூட்ஸுடன் போய், ஒரே சரிவில், ஒரே காலையில், 156, 159, 162 ஆகிய மூன்று நீளங்களையும் மாற்றி மாற்றி இறக்கிப் பார்த்தேன். 156 விளையாட்டாக இருந்தது, ஆனால் கடும்பனியில் குதிகால் பக்கம் மீண்டும் மெல்லத் தடதடத்தது. 162 உறுதியாக இருந்தது, மக்கள் கூட்டத்தில் திருப்பச் சிரமமாக இருந்தது. 159 இல் இரண்டாவது இறக்கத்திலேயே நான் பலகையை மறந்துவிட்டேன். அதன் நடு அகலம் 256 மில்லிமீற்றர், கேம்பர் மிகுந்த கலப்பு வடிவம், விறைப்பு ஐந்து, பனியை வெட்டும் விளிம்பு 123 சென்ரிமீற்றர். பழைய பலகையை விட ஐந்து சென்ரிமீற்றர்தான் நீளம், ஆனால் விளிம்பு எட்டு சென்ரிமீற்றர் கூடுதல். இரண்டு வாரங்களில் அதே வகையைப் புதிதாக வாங்கினேன். பைண்டிங்கை முன்னே 15 பாகை, பின்னே எதிர்த்திசையில் 6 பாகை என்று வைத்து, விரல் பக்கமும் குதிகால் பக்கமும் வெளிநீட்டல் சமமாகும் வரை பைண்டிங்கின் வட்டத் தட்டை நகர்த்தினேன். கம்பளத்தில் சாய்த்துப் பார்த்தபோது 65 பாகையைக் கடந்தும் பூட்ஸ் தரையைத் தொடவில்லை. அந்தச் சோதனைக்கு ஒரு காசும் செலவில்லை. புதிதாக எதை வாங்கினாலும், மலைக்குப் போகுமுன் அதைச் செய்துவிடுங்கள்.

என் அளவுகள் எல்லோருக்கும் பொருந்தா. என் மனைவி 55 கிலோ, பாதம் 23.5 சென்ரிமீற்றர். நண்பர் ஒருவர் அன்புடன் கொடுத்த 156 சென்ரிமீற்றர் ஆண்கள் பலகையில் அவர் ஒரு பருவம் முழுவதும் போராடினார். அவருடைய கோளாறு எனக்கு நேரெதிர்: பாதம் விளிம்பை எட்டவே இல்லை, எவ்வளவு அழுத்தினாலும் பலகை சாயவில்லை. நடு அகலம் 238 மில்லிமீற்றர் உள்ள 145 சென்ரிமீற்றர் பெண்கள் பலகைக்கு மாறிய அன்றே அவருடைய திருப்பங்கள் சீராகின. அதேபோல, அல்பேர்ட்டாவின் சன்ஷைன், லேக் லூயிஸ் போன்ற இடங்களுக்கு ஆழமான புதுப்பனிக்காக அடிக்கடி போகிறவர் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் கூடுதலாக எடுப்பதில் பிழையில்லை. அண்மைக் காலத்தில் குட்டையாகவும் மிக அகலமாகவும் வரும் பலகைகளை, வழக்கமான அளவிலிருந்து மூன்று முதல் ஆறு சென்ரிமீற்றர் குறைத்து வாங்கும்படி நிறுவனங்களே சொல்கின்றன. அவற்றின் எண்ணைச் சாதாரணப் பலகையின் எண்ணோடு ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முதல் பலகைக்கு வரியுடன் 474 டொலர் கொடுத்து 170க்கு விற்றேன். 293 டொலர் பூட்ஸ் 60 டொலருக்குப் போனது. 163 பலகையில் 90 டொலர் நட்டம். தனிப்பயிற்சி 300, பிசியோதெரபி 540. ஏறத்தாழ 1,470 டொலர். எட்டு வார ஊதியத்தில் இழந்ததும், வீணான லிப்ட் சீட்டுகளும், ட்ரொம்பிளானில் எடுத்த விடுதியும் இதில் சேரவில்லை. மணிக்கட்டுக் காப்பு அணியாமல் போனதும் என் பிழைதான். இந்த விளையாட்டில் மிக அதிகமாகக் காயப்படுவது மணிக்கட்டு என்பதைக் கட்டுப்போட்ட பிறகே அறிந்தேன், இப்போது அதை அணியாமல் இறங்குவதில்லை.

2025 மார்ச் முதல் வாரத்தில், மீண்டும் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கை முறிந்த அதே சரிவுக்குப் போனேன். மேலே நின்றபோது வயிறு கலங்கியது. முன்பு விழுந்த இடத்துக்கு வந்ததும், விரல் பக்கமாக, அன்று போலவே முழுமையாகச் சாய்ந்தேன். பலகை பிடித்தது, பிடித்தபடியே திரும்பி முடித்தது. கொஞ்சம் கீழே ஓரமாக நின்று, மேலே திரும்பி என் தடத்தைத் தேடினேன். விளக்கு வெளிச்சத்தில், கடும்பனியின் மேல், மெல்லிய ஒற்றைக் கோடு வளைந்து கிடந்தது. பக்கத்தில் இன்னொரு கோடு இல்லை. கைபேசியில் படம் எடுத்து, அங்கே நின்றபடியே அண்ணாவுக்கு அனுப்பினேன்.